செக்யூரிட்டி போட்ட கையெழுத்து செல்லுமா? அபார்ட்மென்ட்டில் ஸ்பீடு போஸ்ட், பதிவுத் தபால் பட்டுவாடா

கேட்_டெஸ்க்

மூன்று பிளாக், 140 வீடு உள்ள ஒரு குடியிருப்புக்கு வாசல் நடைமுறை எழுதும் வேலை. பார்சல், சாப்பாடு, கூரியர் மூன்றுக்கும் எழுதியாயிற்று. தபால்துறை வழியாக வரும் கையெழுத்துத் தபாலில் வந்து நிற்கிறது. கமிட்டியில் பாதிப் பேர் "செக்யூரிட்டியே வாங்கி வைக்கட்டும், ஆபீஸ் போகிறவர்களுக்குச் சௌகரியம்" என்கிறார்கள். மீதிப் பேர் "தொடவே கூடாது, வம்பு" என்கிறார்கள். விதி என்ன என்று கேட்டால் இரண்டு பக்கமும் பதில் இல்லை.

தெரிய வேண்டியது: செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டால் அது டெலிவரி ஆகுமா? எல்லா டிராக்கிங் தபாலுக்கும் ஒரே விதியா? வாங்கக்கூடாது என்றால் தபால்காரரிடம் என்ன வார்த்தை சொல்வது?

பட்டுவாடா_பிரிவு

உறையில் என்ன சேவை என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பழைய நிலவரம் இதுதான்: ஸ்பீடு போஸ்ட் விலாசத்துக்குப் போகும், பதிவுத் தபால் ஆளுக்குப் போகும். ஸ்பீடு போஸ்ட்டை அந்த வீட்டில் இருக்கும் பொறுப்பான யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். பதிவுத் தபாலை உறையில் பெயர் உள்ளவர் வாங்க வேண்டும், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஆள் வாங்க வேண்டும்.

2025-ல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவையை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆளுக்கு மட்டும் கொடுக்கும் வசதி போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் வந்த கட்டணத்தில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' ஒரு கூடுதல் சேவை. தபால் ஒன்றுக்கு 5 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இதைச் சேர்த்து அனுப்பினால் பெறுநரிடமோ அவர் முறையாக அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுக்க வேண்டும். 'ஓடிபி டெலிவரி' இன்னொரு கூடுதல் சேவை, அதற்கும் அதே 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். பெறுநர் ஓடிபி சொல்லி, அது சரிபார்க்கப்பட்டால்தான் தபால் கைமாறும்.

ஆக இன்று கேட்டுக்கு வரும் கையெழுத்துத் தபால் மூன்று விதம்: வெறும் ஸ்பீடு போஸ்ட், ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்தது, ஓடிபி சேர்த்தது. பின்னது இரண்டிலும் செக்யூரிட்டிக்கு வேலையே இல்லை. விவாதம் முதல் வகையில் மட்டும்தான்.

குடித்தனக்காரர்

வெறும் ஸ்பீடு போஸ்ட் விலாசத்துக்குத்தான் என்றால், கேட்டும் அதே விலாசத்தில்தானே இருக்கிறது? அங்கே கொடுத்தால் என்ன தப்பு?

பட்டுவாடா_பிரிவு

உறையில் 'பி பிளாக், 304' என்று எழுதியிருந்தால் விலாசம் 304-ன் கதவுதான். கேட் 140 வீட்டுக்கும் பொதுவான இடம். செக்யூரிட்டி அந்த வீட்டு ஆளும் இல்லை, அவர்களுடைய ஏஜென்ட்டும் இல்லை. ஏஜென்சிக்காரர் சம்பளம் கொடுக்கிறார், ஏஜென்சிக்குச் சங்கம் பணம் கொடுக்கிறது. 304-ல் இருப்பவர் இவருக்கு எந்த அதிகாரமும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஆனால் நடப்பது வேறு என்பதும் உண்மை. ஒரு பீட்டில், அதாவது ஒரு தபால்காரர் சுற்றும் பகுதியில், பத்து அபார்ட்மென்ட் இருந்து, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு வீட்டுக்கு ஏறி இறங்கினால் தபால்காரருக்கு மதியம் தாண்டிவிடும். பாதி வீடு பூட்டியிருக்கும். கேட்டில் ஒரே கையெழுத்தில் முடிந்தால் அவருக்கும் நிம்மதி, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. விதி மாறியதால் வந்த பழக்கம் இல்லை இது, யாரும் கேட்காததால் வந்த பழக்கம். வந்தது வருடாந்திர அறிக்கை என்றால் எவரும் கேட்க மாட்டார்கள். செக் பவுன்ஸ் நோட்டீஸ் என்றால் அந்தக் கிறுக்கல் கையெழுத்தை நீதிமன்றத்தில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

நோட்டீஸ்_பீரியட்

அந்த இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், கமிட்டிக்குப் புரிய வேண்டியது இதுதான்.

சட்ட நோட்டீஸில் தேதிதான் எல்லாம். செக் திரும்பிய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு இல்லை. 'கிடைத்த நாள்' எது? டிராக்கிங்கில் 'டெலிவர்டு' என்று விழுந்த நாள். செக்யூரிட்டி 3-ஆம் தேதி கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்து, ஷிப்ட் மாறி, 16-ஆம் தேதி வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் காகிதத்தில் மிச்சம் இரண்டு நாள்தான். வங்கிக் கடன் பாக்கிக்கு வரும் சர்ஃபாசி சட்டம் 13(2) நோட்டீஸில் 60 நாள் கெடு, அங்கேயும் இதே கணக்குதான்.

"எனக்குக் கிடைக்கவே இல்லை" என்று சொல்ல முடியாதா என்றால், சொல்லலாம். நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். பொது உட்கூறுகள் சட்டம் 1897, பிரிவு 27: சரியான விலாசமிட்டு, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், மாறாக நிரூபிக்கும்வரை, அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். சாட்சியச் சட்டத்தில் 114-ஆம் பிரிவாக இருந்து இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 119-ஆம் பிரிவாக இருப்பதும் அந்தப் பக்கமே சாய்கிறது, வழக்கமான நடைமுறை பின்பற்றப்பட்டதாக நீதிமன்றம் ஊகிக்கலாம். 138 வழக்குகளில் 2007-ல் சி.சி. ஆலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று உண்மையாகவே சொல்பவர் நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாம், கட்டாமல் தபால் வரவில்லை என்று மட்டும் வாதாடிப் பயனில்லை என்பது அதன் சாரம்.

குடித்தனக்காரர்

அப்படியானால் கோர்ட் சம்மனையே செக்யூரிட்டி வாங்கினால்?

நோட்டீஸ்_பீரியட்

அங்கே சட்டம் நேராகவே பேசுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5, விதி 15: பிரதிவாதி வீட்டில் இல்லை, சீக்கிரம் கிடைக்கும் வாய்ப்பும் இல்லை, சம்மன் பெற அதிகாரம் பெற்ற ஏஜென்ட்டும் இல்லை என்றால் அவரோடு குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ. அதன் கீழே ஒரு விளக்கம்: வேலையாள் குடும்பத்தினர் ஆக மாட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 'வயது வந்த ஆண்' என்று இருந்ததை, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் 'வயது வந்த உறுப்பினர்' என்று மாற்றிவிட்டார்கள். வேலையாள் விளக்கம் அங்கேயும் இருக்கிறது. வீட்டிலேயே வேலை செய்பவருக்கே இந்தக் கதி என்றால் கேட்டில் நிற்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதை நம்பி மெத்தனமாக இருக்கக் கூடாது. அந்த விதி நீதிமன்ற ஊழியர் நேரில் கொண்டுவரும் சம்மனுக்கு எழுதப்பட்டது. தபாலில் வரும் சம்மனுக்கு விதி 9. அதில் ஒப்புகை, அதாவது பெற்றதற்குக் கையெழுத்திட்ட அட்டை, திரும்பி வந்தாலோ, பிரதிவாதி வாங்க மறுத்ததாகத் தபால்காரர் எழுதியிருந்தாலோ, சேர்ந்ததாக நீதிமன்றம் அறிவிக்கும். ஒப்புகை அட்டை தொலைந்து 30 நாளாகியும் வரவில்லை என்றால்கூட, சரியான விலாசத்துக்கு ஒப்புகையோடு பதிவுத் தபாலில் போயிருந்தால், சேர்ந்ததாக அறிவிக்க முடியும். அதன்பிறகு எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும். அதை நீக்க மனுப் போட்டு, செக்யூரிட்டி ரிஜிஸ்டரைக் காட்டி, ஏஜென்சி மாறியதை விளக்கி... கேஸ் ஜெயிக்கிற மாதிரி இருந்தாலும் ஆறு மாதம் போகும்.

கேட்_டெஸ்க்

சரி, "தொடக்கூடாது" கட்சிதான் ஜெயித்தது. இப்போது செக்யூரிட்டி என்ன சொல்ல வேண்டும்? "வேண்டாம், திருப்பிக் கொண்டுபோங்க" என்றால் போதுமா?

பட்டுவாடா_பிரிவு

ஐயோ, அதை மட்டும் சொல்லவே கூடாது. வாங்குவதைவிட அது மோசம்.

கேட்டில் நடப்பதைக் கவனியுங்கள். தபால்காரர் மொபைலில் அந்தத் தபாலைத் திறந்து, கொடுத்தால் கையெழுத்து வாங்குவார், கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுப்பார். அந்த ஒரு தட்டில்தான் தபாலின் தலையெழுத்து. கேட்டில் கேட்ட வார்த்தையை வைத்துத்தான் அவர் தட்டுவார்.

"ஆள் இல்லை, வீடு பூட்டியிருக்கு" என்றால் 'டோர் லாக்டு'. தபால் வந்ததைச் சொல்லும் இன்டிமேஷன் சிலிப் விடுவார். தபால் டெலிவரி அஞ்சலகத்தில் வழக்கமாக 7 நாள் இருக்கும். பெறுநர் அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம், மறுபடி கொண்டுவரவும் சொல்லலாம். இதுதான் நமக்கு வேண்டியது.

"அவங்க காலி பண்ணிட்டாங்க" என்றால் 'லெஃப்ட்'. காத்திருப்பு கிடையாது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வாடகைக்காரர் மூன்று வாரம் ஊருக்குப் போனதை புது செக்யூரிட்டி இப்படிச் சொல்லித் திரும்பிய தபால்கள் ஏராளம்.

"அப்படி ஒருத்தர் இங்க இல்ல" என்றால் 'நோ சச் பர்சன்'. அதுவும் திரும்பும். வீட்டுக்காரர் பெயர் மட்டும் பட்டியலில் இருந்து, அதே வீட்டில் இருக்கும் மாமியார் பெயரில் தபால் வந்தால் இதுதான் நடக்கும்.

"வேண்டாம், திருப்பி அனுப்பு" என்றால் 'ரெஃப்யூஸ்டு'. நோட்டீஸ் என்றால் இது கொடுத்ததற்குச் சமம். மறுக்கும் உரிமை பெறுநருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோதான் உண்டு, செக்யூரிட்டி மறுத்ததை அப்படி எழுதுவது தபால்காரரின் தவறுதான். ஆனால் உறை மேல் சிவப்பு மையில் எழுதிய பிறகு யார் சொன்னார்கள் என்று எதிர்த்தரப்பு தேடாது.

சிலிப் வைத்தும் 7 நாளில் யாரும் போகவில்லை என்றால் 'அன்கிளெய்ம்டு'. அதுவும் நோட்டீஸ் விஷயத்தில் பெறுநருக்கு எதிராகத்தான் போகும்.

ஆகவே செக்யூரிட்டிக்கு இரண்டு வாக்கியம் மட்டும் மனப்பாடம் ஆக வேண்டும். "வீட்டுக்குக் கேட்டுச் சொல்றேன்." இன்டர்காமில் பதில் இல்லை என்றால்: "ஆள் இல்லை, சிலிப் குடுங்க." இதைத் தாண்டி 'எப்ப வருவாங்க', 'எங்க போயிருக்காங்க', 'இருக்காங்களா காலியா' எதற்கும் செக்யூரிட்டி வாய் திறக்க வேண்டியதில்லை.

நோட்டீஸ்_பீரியட்

'ரெஃப்யூஸ்டு' விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். நோட்டீஸ் என்று மோப்பம் பிடித்து வேண்டுமென்றே செக்யூரிட்டியிடம் "நான் இல்லைன்னு சொல்லிடு" என்று சொல்லி வைப்பவர்கள் எல்லாக் குடியிருப்பிலும் இருப்பார்கள். வாங்காமல் இருப்பதால் கெடு நிற்காது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம். வாங்கிப் படித்துப் பதில் போடுவதுதான் புத்திசாலித்தனம். இதைச் சங்கச் சுற்றறிக்கையில் எழுத முடியாது, புரிகிறது.

சிலிப்_எங்கே

சிலிப் சிலிப் என்கிறீர்கள். அது யார் கைக்குப் போகிறது? கேட் மேஜையில் கண்ணாடிக்குக் கீழே கிடக்கும். 7 நாள் போனது தெரியாது.

பட்டுவாடா_பிரிவு

சரியான கேள்வி. நடைமுறையின் பலவீனமான இடமே இதுதான். சிலிப் விடும் இடம் கேட் மேஜை ஆகக் கூடாது, அந்த வீட்டுத் தபால் பெட்டி ஆக வேண்டும். தரைத்தளத்தில் வீட்டுக்கு ஒரு பெட்டி, பூட்டோடு, வீட்டு எண்ணும் குடியிருப்போர் எல்லார் பெயரும் வெளியே தெரியும்படி இருந்தால் தபால்காரரே போட்டுவிடுவார். பெட்டி சாதாரணத் தபாலுக்கும் சிலிப்புக்கும் மட்டும். கையெழுத்துத் தபாலைப் பெட்டியில் போட்டுவிட்டு 'டெலிவர்டு' என்று முடிப்பது முறைகேடு, அதற்குப் புகார் கொடுக்கலாம்.

கேட்_டெஸ்க்

கேட்டில் இருப்பவர் சிலிப்பைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது போல எழுதலாம். குழுவில் போடாமல் தனியாக. யாருக்கு நோட்டீஸ் வருகிறது என்று 140 வீடும் பார்க்க வேண்டாம்.

எண்_சரிபார்

படமே நல்லது. கையால் எழுதி அனுப்பினால் எண் தப்பாகும், டிராக்கிங்கில் 'தகவல் இல்லை' என்று வரும், எல்லாரும் தபால் தொலைந்துவிட்டதாகப் பதறுவார்கள். எண் 13 இடம்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் நாட்டுக் குறி இரண்டு எழுத்து. நம்மூர்த் தபால் என்றால் 'ஐஎன்'. சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் எஸ்10 முறை இது.

அந்த 9-ஆவது இலக்கம் சரிபார்ப்பு எண். முதல் எட்டை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழிக்க வேண்டும். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5. உதாரணம் 12345678: 8+12+12+8+15+30+63+56 = 204. 11-ஆல் வகுக்க மீதி 6. 11-6 = 5. ஆக எண் 123456785. ரிஜிஸ்டரை எக்செல்லில் வைத்திருப்பவர்கள் ஒரு சூத்திரம் போட்டால் தப்பாகத் தட்டிய எண் அங்கேயே சிவப்பாகும். 1-ஐயும் 7-ஐயும் குழப்பும் கையெழுத்துக்கு இது அருமருந்து.

குடித்தனக்காரர்

இவ்வளவும் சரி. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், அஞ்சலகம் போக நேரமில்லை. சட்டப்படியே வேறு ஆள் வாங்க வழி என்ன?

பட்டுவாடா_பிரிவு

அதிகாரக் கடிதம். இதற்கென்று பெரிய பத்திரம் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். டெலிவரி அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டருக்கு எழுத வேண்டும். பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு தபால் நிலையத்துக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை. உங்கள் பின்கோடுக்குத் தபால் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம் எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், தெருவோர அஞ்சலகங்கள் பலவற்றுக்கு டெலிவரி வேலையே கிடையாது.

கடிதத்தில் உங்கள் பெயர் தபாலில் வரும் எல்லா வடிவத்திலும், பிளாக், வீட்டு எண், பின்கோடு. வாங்கப் போகிறவர் பெயர், அவருடைய வீட்டு எண், மாதிரிக் கையெழுத்து. எந்தெந்தத் தபாலுக்கு, எந்தத் தேதிவரை. கீழே உங்கள் கையெழுத்து. இருவர் அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அஞ்சலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நகலைப் பீட் தபால்காரர் கையிலும் கொடுங்கள். மேலே கோப்பில் இருப்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாவிட்டால் கடிதம் எழுதியும் எழுதாத மாதிரிதான்.

'பணியில் இருக்கும் செக்யூரிட்டி' என்று எழுத வேண்டாம். ஆளின் பெயர் வேண்டும், மாதிரிக் கையெழுத்து வேண்டும். ஏஜென்சி ஆள் மாதம் ஒருமுறை மாறுவார். எதிர்வீட்டில் ஓய்வுபெற்றவர் யாராவது இருந்தால் அவர்தான் சரியான ஆள், பகலில் இருப்பார், பெயரும் மாறாது.

நோட்டீஸ்_பீரியட்

கூடவே ஒரு எச்சரிக்கை. எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டால் அவர் வாங்கியது நீங்கள் வாங்கியதுதான். அவர் இரண்டு வாரம் மறந்து வைத்திருந்தாலும் கெடு அவர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான். கடிதத்திலேயே 'நீதிமன்றம், வக்கீல், வங்கி, வருமான வரித்துறை அனுப்பும் தபால் நீங்கலாக' என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. உறையின் இடது மூலையில் அனுப்புநர் பெயர் இருக்கும், வாங்குபவர் பார்த்துவிட்டு "இதை அவரிடமே கொடுங்கள்" என்று சொல்லிவிடலாம்.

சிலிப்_எங்கே

பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கடிதம் செல்லுமா?

பட்டுவாடா_பிரிவு

நம்பாதீர்கள். பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வந்தாலும் விண்ணப்பதாரரிடமே, அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுப்பார்கள். வீடு பூட்டியிருந்து கெடுவும் முடிந்தால் அனுப்பிய பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பும், பிறகு அங்கே அலைய வேண்டும். பாஸ்போர்ட் புறப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்ததும் டிராக்கிங்கைத் தினமும் பார்த்து, டெலிவரி அஞ்சலகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் அங்கேயே போய்க் கேட்பது பல இடங்களில் நடக்கிறது.

கூரியர்_ஹப்

ஓடிபி வந்த பிறகு இந்தக் கையெழுத்துப் பேச்சே பழசு. தனியார் கூரியரில் கையெழுத்துக்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, அனுப்புகிறவரோடு போட்ட ஒப்பந்தம்தான் விதி. 'கேட்டில் கொடுக்கலாம்' என்று இருந்தால் கேட்டில் கொடுப்போம், 'ஓடிபி கட்டாயம்' என்றால் ஓடிபி. தபால்துறையும் இப்போது அங்கே வந்துவிட்டது. அனுப்புகிறவர்கள் 5 ரூபாய் கூடக் கொடுத்து ஓடிபி போட்டால் இந்த இழை முழுவதும் தேவையில்லை.

நோட்டீஸ்_பீரியட்

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடிபி சொன்னவர் போன் வைத்திருப்பவர். உறையை வாங்கியவர் யார் என்பது அதில் வராது. மகன் பெங்களூரில் இருக்கிறார், தபாலில் அவருடைய நம்பர், ஓடிபியை செக்யூரிட்டிக்குப் போனில் சொன்னார், செக்யூரிட்டி தபாலை வாங்கினார். யாரிடம் டெலிவரி ஆனது? மகனிடமா, தபால் யார் பெயரில் வந்ததோ அந்த அப்பாவிடமா? நோட்டீஸ் அனுப்பும் வக்கீல் ரெஜிஸ்ட்ரேஷனையும் ஒப்புகையையும்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும். சட்டங்களில் இருக்கும் சொல் 'பதிவுத் தபால்'. 5 ரூபாய் மிச்சம் பிடிக்க வெறும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, பிறகு 27-ஆம் பிரிவு இதற்குப் பொருந்துமா என்று வாதாடுவது வேண்டாத வேலை. உள்ளூர் 50 கிராம் உறைக்கு 19 ரூபாய், வெளியூர் என்றால் 47. அதன் மேல் 5 ரூபாய் பெரிதா?

கூரியர்_ஹப்

அந்த மகன் உதாரணம் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஓடிபியைச் சொன்னவர் தெரிந்தே சொன்னார். கிறுக்கல் கையெழுத்தில் அதுவும் இல்லை. தனியார் பார்சலில் தகராறு வந்தால் நாங்கள் பார்ப்பது ஓடிபி போன நேரம், டெலிவரி ஆன இடத்தின் ஜிபிஎஸ், இரண்டும்தான். டெபிட் கார்டு, சிம், செக்புக் போன்றவற்றுக்கு ஓடிபி சரி என்பதே என் கட்சி. நோட்டீஸ் உங்கள் துறை.

செக்யூரிட்டிக்கு ஒரு விதி மட்டும் போடுங்கள்: ஓடிபியை முன்கூட்டியே கேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டாம். டெலிவரி ஆள் எதிரில் நிற்கும்போது போனில் சொன்னால் போதும்.

விலாசம்_சரியா

யாரும் விலாசத்தைப் பற்றிப் பேசவில்லையே. அபார்ட்மென்ட்டில் பாதித் தபால் கேட்டில் தங்கக் காரணம் விலாசம்தான். குடியிருப்பின் பெயர், தெரு, பின்கோடு எல்லாம் இருக்கும், பிளாக்கும் வீட்டு எண்ணும் இருக்காது. தபால்காரர் செக்யூரிட்டியிடம் பெயரைச் சொல்லிக் கேட்பார், அங்கிருந்து குழப்பம் ஆரம்பம். சென்னையில் பழைய எண், புதிய எண் சிக்கல் வேறு. இரண்டையும் எழுதினால் ஒன்றைத் தெரு எண்ணாகவும் மற்றதை வீட்டு எண்ணாகவும் படிப்பார்கள். 'புதிய எண் 14, பழைய எண் 27' என்று தெருவோடு ஒட்டி ஒரு வரியில், 'பிளாக் பி, மூன்றாம் மாடி, வீடு 304' என்று பெயருக்கு நேர் கீழே தனி வரியில் எழுத வேண்டும்.

அடுத்தது இனிஷியல். தபாலில் 'ஆர். லட்சுமி', ஆதாரில் தகப்பனார் பெயரை விரித்து 'லட்சுமி ராமசாமி', கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வங்கிக் கணக்கில் கணவர் இனிஷியல் போட்டு 'கே. லட்சுமி'. மூன்றும் ஒரே ஆள். ரெஜிஸ்ட்ரேஷன் தபாலுக்குத் தபால்காரர் அடையாள அட்டை கேட்டு, பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெட்டி மேல் பெயர் எழுதும்போது எல்லா வடிவமும் எழுதுங்கள்.

கேட்_டெஸ்க்

சங்கத்தின் பெயருக்கே வரும் தபால்? தலைவர் துபாயில், செயலாளர் நைட் ஷிப்டில்.

நோட்டீஸ்_பீரியட்

கமிட்டித் தீர்மானம் போட்டு, மேனேஜரின் பெயரைச் சொல்லி அதிகாரம் கொடுத்து, தீர்மான நகலோடு அஞ்சலகத்துக்குக் கடிதம். மேனேஜர் மாறினால் புதுத் தீர்மானம், பழையதை ரத்து செய்து இன்னொரு கடிதம். மாநகராட்சி, மின்வாரியம், வழக்குத் தபால் எல்லாம் சங்கத்தின் பெயரில்தான் வரும், அங்கே செக்யூரிட்டி வாங்கி வைப்பது தனிநபர் தபாலைவிட ஆபத்து. வந்த தேதி முத்திரை ஒன்று வாங்கி, உறையிலேயே குத்துங்கள். உறையைக் கிழித்துப் போடாதீர்கள், கெடு எப்போது தொடங்கியது என்று காட்ட உறைதான் சான்று.

சிலிப்_எங்கே

எல்லாம் இனிமேல் வருவதற்கு. செக்யூரிட்டி ஏற்கனவே கையெழுத்துப் போட்டு வாங்கிய தபால் காணோம், டிராக்கிங்கில் 'டெலிவர்டு'. என்ன செய்வது?

பட்டுவாடா_பிரிவு

அன்றைக்கே டிராக்கிங் பக்கத்தைத் தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யாரிடம் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், 'பெறுநர்' என்று விழுந்திருந்தால் புகாருக்கு அதுவே முதல் வரி. கேட் ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தையும் படம் எடுங்கள். சிசிடிவி பதிவு பல இடங்களில் சில நாளிலேயே அழிந்துவிடும், அதை உடனே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு டெலிவரி அஞ்சலக போஸ்ட்மாஸ்டருக்கு எழுத்தில் கேளுங்கள்: இன்ன எண், இன்ன தேதி, டெலிவரிக்கான கையெழுத்துப் பதிவைக் காட்டவும், அது என் கையெழுத்து இல்லை, நான் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. இந்தியா போஸ்ட் இணையதளப் புகார், 1800 266 6868 என்ற இலவச எண், அதிலும் நகரவில்லை என்றால் மத்திய அரசின் புகார் தளமான சிபிகிராம்ஸ். நோட்டீஸாக இருக்கும் என்று சந்தேகம் வந்தால் அனுப்பியவருக்கே எழுதி நகல் கேளுங்கள், கிடைத்த தேதியைக் குறிப்பிட்டு.

நஷ்டஈடு பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதுவும் இங்கே தபால் தொலையவில்லை, கேட்டில் கொடுக்கப்பட்டது என்பார்கள். புகாரின் பயன் பணம் இல்லை. கையெழுத்து உங்களுடையது இல்லை என்று அந்த வாரமே நீங்கள் எழுதிய காகிதம் முத்திரையோடு கையில் இருப்பதுதான்.

கேட்_டெஸ்க்

வரைவு இப்படி வைக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். தபால்காரரை லிஃப்ட் வரை விடலாம், வாசலில் ஆப் பதிவு கேட்டு நிறுத்த வேண்டாம். ஒரு பார்க்கிங் இடம் அவருக்கு. இன்டர்காமில் வீட்டுக்குச் சொல்வது செக்யூரிட்டி வேலை. பதில் இல்லை என்றால் "ஆள் இல்லை, சிலிப் குடுங்க". சிலிப் பெட்டியில், படம் வீட்டுக்காரருக்குத் தனியாக. பார்சலும் கூரியரும் பழைய மாதிரியே. அதிகாரக் கடிதம் கொடுத்த வீடுகளின் பட்டியல் கேட் மேஜை டிராயரில்.

பட்டுவாடா_பிரிவு

பட்டியலில் மாதிரிக் கையெழுத்து வேண்டாம், பெயரும் வீட்டு எண்ணும் போதும். மற்றபடி சரி. லிஃப்ட் வரை விடுவதை முதல் வரியாகப் போடுங்கள். தபால்காரரைப் பத்து நிமிடம் கேட்டில் நிற்க வைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறச் சொன்னால் அவர் ஏற மாட்டார்.

விலாசம்_சரியா

பெட்டியில் பெயர் எழுத நிரந்தர மார்க்கர் வேண்டாம். வாடகைக்காரர் மாறும்போது பழைய பெயர் அழியாமல் இருக்கும், போன குடித்தனத்தின் தபால் இரண்டு வருஷத்துக்கு வந்து விழும். அட்டை செருகும் ஃபிரேம் வாங்குங்கள்.